இடையில் எப்படி இருந்தார்?

என் சித்தப்பாவை மூன்றாவதாக ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போன அன்று நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பார்த்த இருவரும் காதில் என்ன குரல் கேட்கிறது, யார்மேல் சந்தேகம், இரவில் தூங்குகிறாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மனச்சிதைவு நோய் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் அந்தக் காகிதங்களை வாங்கி ஓரமாக வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, அதன் குறுக்கே ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு கோடு போட்டார். இடது முனையில் சித்தப்பா பிறந்த ஆண்டு, வலது முனையில் நடப்பு ஆண்டு. பிறகு சித்தியைப் பார்த்து, "முதல் தடவை எப்போ ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்கம்மா" என்றார். சித்தி சொல்லச் சொல்ல, தூக்கமில்லாமல் ஊரெல்லாம் கடன் வாங்கிச் செலவழித்த மாதங்களைக் கோட்டுக்கு மேலே மேடாகவும், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மாதங்களைக் கோட்டுக்குக் கீழே பள்ளமாகவும் வரைந்துகொண்டே போனார். ஒரு மேட்டுக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் கோடு வெறுமனே கிடந்தது. அந்த இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு, "இடையில எப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தார் டாக்டர். ஒரு நாள் லீவு போடாம வேலைக்குப் போனார். வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்த்தார்" என்றார் சித்தி. நோயைக் கேட்காமல் நன்றாக இருந்ததைப் போய்க் கேட்கிறாரே என்ற குழப்பம் அவர் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பதிலால்தான் சித்தப்பாவின் நோய்க்குப் பெயர் மாறியது. இருமுனைக் கோளாறு என்றார் மருத்துவர். லித்தியம் மாத்திரை எழுதினார். குரல்கள் கேட்டது உண்மை, சந்தேகமும் உண்மை, ஆனால் அவை இரண்டு நோய்களிலும் வரக்கூடியவை, அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதும், அது எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

கிரெப்பலின் 1856 பிப்ரவரியில் வட ஜெர்மனியின் நொய்ஸ்ட்ரெலிட்ஸில் பிறந்தவர். சிக்மண்ட் ஃபிராய்டும் அதே ஆண்டில் பிறந்தவர்தான். ஃபிராய்டைக் கேள்விப்படாத வாசகர் அரிது. கிரெப்பலின் பெயரையோ, இத்துறையைப் படித்தவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எழுதப்படும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தால், எப்போது தொடங்கியது, எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் முழுதாகத் தேறினாரா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று வரிசையாக நிற்கும் கேள்விகளில் ஃபிராய்டின் சாயல் கொஞ்சம்தான். அது பெரும்பாலும் கிரெப்பலினின் கையெழுத்து.

அவர் காலத்துக்கு முன் இத்துறை எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோயாளிக் காப்பகங்களை நடத்திய மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததற்கெல்லாம் பெயர் வைத்தார்கள். ஆர்ப்பரித்தால் பித்து, ஒடுங்கிக் கிடந்தால் சோர்வுநோய், விறைத்து நின்றால் இன்னொரு பெயர். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் மூன்று நோய்களுக்குச் சொந்தக்காரராகிவிடுவார். இதற்கு நேர்மாறாக, இருப்பது ஒரே பைத்தியம்தான், மற்றதெல்லாம் அதன் படிநிலைகள் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். மனநோய் என்பது மூளையின் நோயே என்று ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் கிரீசிங்கர் நூற்றாண்டின் நடுவில் அடித்துச் சொன்னதை நம்பி, இறந்தவர்களின் மூளையைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒரே ஒரு நோய் மட்டும் விதிவிலக்காக இருந்தது. அன்றைய காப்பகங்களில் ஆண் நோயாளிகளிடையே ஏராளமாகக் காணப்பட்ட 'ஜெனரல் பாரலிசிஸ்' என்ற நோய், தானே சக்கரவர்த்தி, தன்னிடம் கோடி கோடியாய்ப் பணம் இருக்கிறது என்ற பெருமிதப் பேச்சில் தொடங்கும். பிறகு நாக்கு குழறும், கைகால் வலுவிழக்கும், நினைவு போகும், சில ஆண்டுகளில் உயிரும் போகும். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நோயின் அடுத்தடுத்த கட்டங்கள் என்பதை 1822இல் பாரிஸில் அந்துவான் பேல் என்ற இளம் மருத்துவர் காட்டினார். இதற்குக் காரணமான மேகநோய் (சிஃபிலிஸ்) கிருமி நோயாளிகளின் மூளையில் இருப்பதை நொகுச்சியும் மூரும் கண்டுபிடித்தது 1913இல்தான். ஆனால் கிருமி தெரியாத காலத்திலேயே நோயின் எல்லை தெரிந்துவிட்டது. சக்கரவர்த்தியாகப் பேசிய நாளில் மட்டும் பார்த்தவருக்கு அது வெறும் பித்து; ஆரம்பம் முதல் சாவு வரை தொடர்ந்து பார்த்தவருக்குத்தான் அது தனி நோய். கிரெப்பலின் இதைப் பிடித்துக்கொண்டார். மற்ற மனநோய்களையும் இப்படி நீளவாக்கில் பார்த்தால் என்ன என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் கேட்ட கேள்வி.

அந்த இடத்துக்கு அவர் நேர்வழியில் வந்துசேரவில்லை. லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட்டின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் மதுவும் தேநீரும் மனத்தின் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்று அளந்துகொண்டிருந்தவர், 1882இல் பவுல் ஃபிளெக்சிக் என்ற மூளை ஆய்வாளரிடம் பார்த்த வேலையைச் சில மாதங்களிலேயே இழந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கையில் காசில்லை. ஒரு பாடநூல் எழுதேன் என்று வுண்ட் சொன்னதன் பேரில், அரைமனதோடு ஒரு கையேட்டை எழுதி 1883இல் வெளியிட்டார். அந்தக் கையேட்டைத்தான் அவர் சாகும்வரை திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1909 முதல் 1915 வரை வெளிவந்த எட்டாம் பதிப்பு நான்கு தொகுதிகளாகப் பெருத்திருந்தது. சொன்னதை அடுத்த பதிப்பில் தானே மாற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை இவர் விஷயத்தில் ஓரளவுக்குத்தான் நிலைக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1886இல், முப்பது வயதில், அவருக்கு டோர்பாட்டில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்ற பெயரில் இருக்கும் அந்த நகரம் அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மொழி ஜெர்மன். நோயாளிகளில் பெரும்பாலோர் பேசியதோ எஸ்டோனிய மொழி. கிரெப்பலினுக்கு அது தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் நோயாளிகளிடம் பேசினார். மனநல மருத்துவருக்கு இதைவிடப் பெரிய இடர் வேறென்ன இருக்க முடியும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பேச்சு புரியாத இடத்தில் கண் கூர்மையாகிறது. நடை, முகம், கை அசைவு, எத்தனை நாள் படுத்திருந்தார், எப்போது எழுந்தார் என்று வெளியிலிருந்து தெரிவதையெல்லாம் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கே வேரூன்றியிருக்கும் என்பது என் யூகம். அவருடைய பலம், குறை இரண்டுக்கும் விதை அந்த ஐந்து ஆண்டுகளில் விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1891இல் ஹைடல்பெர்க் வந்த பிறகுதான் அட்டைகள் பெருகின. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் வயது, தொடக்கம், முக்கியமான அறிகுறிகள், போக்கு, கடைசியில் என்ன ஆனார் என்பதெல்லாம் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். வேறு காப்பகங்களுக்கு மாற்றப்பட்டவர்களின் பின்கதையையும் விசாரித்துச் சேர்த்தார். விடுமுறைக்குப் போகும்போதுகூட அட்டைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய், அவற்றைப் பரப்பி வைத்துப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தார்.

அவர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லும் ஒரு பெட்டிதான் என்னை மிகவும் கவர்ந்தது. புதிதாக ஒரு நோயாளி வந்து முதல் பரிசோதனை முடிந்ததும், மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தாம் நினைக்கும் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெட்டிக்குள் போட வேண்டும். சில காலம் கழித்துச் சீட்டுகளை எடுத்துப் பட்டியலிடுவார்கள்; நோயாளியின் கதை முடிவுக்கு வந்ததும், கடைசியில் தெளிவான நோயின் பெயரையும் பக்கத்தில் எழுதுவார்கள். யார் எங்கே பிசகினார், எதைப் பார்த்து ஏமாந்தார் என்பது அப்போது தெரிந்துவிடும். முதல் நாள் சொன்னதைப் பின்னால் மாற்றிச் சொல்லித் தப்பிக்க முடியாது. சீட்டு கையெழுத்தோடு இருக்கிறது. ஒரு துறை தன் பிழைகளைச் சேமித்து வைக்க ஒரு பெட்டி செய்தது என்பது சாதாரணக் காரியமல்ல. சித்தப்பாவுக்கு முதல் இரண்டு பெயர்ச்சீட்டு எழுதியவர்களுக்கு, மூன்றாவது இடத்தில் அது மாறியது இன்றுவரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வேலையின் விளைவாக 1899இல் வந்த ஆறாம் பதிப்பில் அவர் பெரிய மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். ஜெர்மானிய மருத்துவர்களான கால்பாம் 1874இல் விவரித்த விறைப்புநிலை, ஹெக்கர் 1871இல் விவரித்த, இளவயதில் அசட்டுத்தனமாகத் தொடங்கும் நோய், சந்தேகமும் குரல்களும் மேலோங்கிய நோய் என்று தனித்தனியாகக் கிடந்த மூன்றையும் 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்', அதாவது காலத்துக்கு முன்பே வரும் அறிவுமங்கல், என்ற ஒரே பெயரில் கட்டினார். முகங்கள் வேறு வேறாக இருந்தாலும் மூன்றும் மெல்ல மெல்ல மனத்தின் தேய்வில் கொண்டுபோய் விடுகின்றன என்பது அவர் காரணம். மறுபக்கம், எழுச்சியும் சோர்வுமாக வந்து வந்து போகிறவற்றையெல்லாம் 'பித்து–சோர்வு நோய்' என்று தொகுத்தார். இன்றைய இருமுனைக் கோளாறு இதற்குள் அடங்கும். எழுச்சியும் சோர்வும் வட்டமாகச் சுழலும் நோயைப் பிரான்சில் ஃபால்ரே போன்றவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தார்கள்; வட்டமாகச் சுழலாதவற்றையும் அதோடு சேர்த்து, டிமென்ஷியா ப்ரீகாக்ஸுக்கு எதிரே நிறுத்தியதுதான் கிரெப்பலினின் பங்கு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது புயல் வீசும் காலமல்ல, புயலுக்கும் புயலுக்கும் இடைப்பட்ட காலம். அந்த இடைவெளியில் மனிதர் பழையபடி திரும்பி வந்தாரா, கொஞ்சம் குறைந்து வந்தாரா? அவர் பாடநூலின் பிற்காலப் பதிப்பில் பித்து–சோர்வு நோயாளிகளின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக, மாதக் கட்டங்களாகப் பிரித்து நிழலிட்டுக் காட்டிய வரைபடங்கள் உண்டு. அவற்றை முதன்முதலில் பார்த்தபோது, ஸ்கேல் வைத்துப் போட்ட அந்தக் கோடுதான் என் கண்முன் வந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1949இல், ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தால் பித்துநிலை தணிவதைக் கண்டறிந்தபோது, அட்டைகளை வைத்துப் போட்ட அந்தப் பிரிவினைக்கு மருந்தின் பக்கமிருந்தும் ஒரு சாட்சி கிடைத்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பை முற்றிலும் மாற்றி எழுதியபோது அதன் அடித்தளமாக இருந்ததும் பெரும்பாலும் அவருடைய வழிதான்.

இனி மறுபக்கம். 1901இல் வெளிவந்த விரிவுரைத் தொகுப்பொன்றில், மாணவர்கள் முன் தான் கொண்டுவந்து நிறுத்திய பதினெட்டு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனைக் கிரெப்பலின் விவரிக்கிறார். அவனை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். வந்ததும் செருப்பை உதறி எறிகிறான், உரக்கத் துதிப்பாடல் பாடுகிறான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், அதையும் தெரிந்துகொள்ள வேண்டுமா, யார் அளக்கப்படுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லவும் முடியும், ஆனால் சொல்ல விருப்பமில்லை என்கிறான். பெயரைக் கேட்டால், உன் பெயர் என்ன, கண்ணை மூடியிருப்பவன் யார், ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய், மறுபடியும் திமிரா என்று கேள்விகளாகவே கத்துகிறான். கேள்விகள் அனைத்தும் அவனுக்குப் புரிந்திருக்கின்றன, ஆனால் நமக்குப் பயன்படும்படி ஒரு தகவல்கூடத் தரவில்லை என்று கிரெப்பலின் முடிக்கிறார்.

1960இல் ஆர். டி. லேங் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதே பத்தியை எடுத்து வேறு விதமாகப் படித்தார். அந்தப் பையன் தன்னை விசாரிக்கும் பேராசிரியரின் குரலைத்தான் நடித்துக் காட்டுகிறான். பலர் முன்னால் தன்னை நிறுத்தி அளப்பதை அவன் வெறுக்கிறான். அதை அவனால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றார். லேங் பின்னாளில் சொன்ன பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியின் பேச்சில் அர்த்தம் இருக்கிறது என்பதாலேயே நோய் இல்லையென்று ஆகிவிடாது. மூன்று இரவு தூங்காத மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் அந்தப் பத்தியைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் லேங் சொன்னதுதான் சரி என்று படுகிறது. டோர்பாட்டில் கிரெப்பலினுக்கு நோயாளிகளின் மொழி புரியவில்லை. ஹைடல்பெர்க்கில் பையன் பேசியது அவருடைய தாய்மொழி. அங்கும் அவர் கேட்டது மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டது போலத்தான் இருக்கிறது.

அட்டைகளைப் பற்றியும் ஒரு சந்தேகம் உண்டு. எஞ்சியிருக்கும் அட்டைகளைப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தபோது, அவை வெற்று மனத்தோடு நிரப்பப்பட்டவை அல்ல, கிரெப்பலின் ஏற்கெனவே வைத்திருந்த வகைகளே அட்டையில் எது ஏற வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தன என்று காட்டினார்கள். இதைவிடவும் ஆழமான கோளாறு அவர் தர்க்கத்திலேயே இருந்தது. முடிவு மோசமாக இருப்பதே நோயின் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், யாராவது முழுதாகத் தேறிவிட்டால் அவருக்கு வந்தது அந்த நோயே அல்ல என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு வரையறையைத் தோற்கடிக்கவே முடியாது. ஒரு பகுதியினர் தேறியதை அவரே பதிவு செய்திருந்தும், பெயரில் இருந்த 'டிமென்ஷியா' என்ற சொல் போன இடமெல்லாம் நம்பிக்கையின் கதவைச் சாத்திக்கொண்டே போனது. 1908இல் ஸுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் அந்தப் பெயரைக் கைவிட்டு 'ஸ்கிசோஃப்ரினியா', அதாவது மனச்சிதைவு, என்ற சொல்லை முன்வைத்ததற்கு, எல்லோரும் தேய்ந்துபோவதில்லை, எல்லோருக்கும் இளமையிலேயே தொடங்குவதுமில்லை என்பதும் ஒரு காரணம். பிளாய்லரின் மகன் மான்ஃப்ரெட் 208 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தானே தொடர்ந்து பார்த்து 1972இல் எழுதியபோது, நீண்ட கால ஓட்டத்தில் பலர் நிலைபெற்றதும் சிலர் முழுதாகவே தேறியதும் தெரியவந்தது. கிரெப்பலினின் முறையை அவரைவிடப் பொறுமையாகக் கையாண்டதால்தான் கிரெப்பலினின் ஆரூடம் பொய்த்தது.

இதைத் தாண்டியும் இருட்டு உண்டு. மனநோய் பரம்பரைச் சீரழிவின் அடையாளம், நாகரிக வாழ்வு அந்தச் சீரழிவைப் பெருக்குகிறது என்ற கருத்தை அவர் வெளிப்படையாக எழுதினார். 1917இல் மியூனிக்கில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் பரம்பரை ஆய்வுப் பிரிவை நடத்திய எர்ன்ஸ்ட் ரூடின், 1933இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கான அதிகாரபூர்வ விளக்கவுரையை எழுதியவர்களில் ஒருவர். அச்சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவும் பித்து–சோர்வு நோயும் பெயரோடு இடம்பெற்றன. ஏறத்தாழ 4,00,000 பேர் கருத்தடைக்கு ஆளாக்கப்பட்டார்கள். கிரெப்பலின் 1926 அக்டோபரிலேயே இறந்துவிட்டார். நடந்ததற்கெல்லாம் அவரைக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஆனாலும், இவர் கடைசியில் இப்படித்தான் ஆவார் என்று முதல் நாளே எழுதி வைக்கத் துணிந்த ஒரு மருத்துவத்துக்கும், அப்படியானால் இவருக்குப் பிள்ளை எதற்கு என்று கேட்ட ஓர் அரசுக்கும் நடுவில் இருந்த தூரம் நாம் விரும்பும் அளவுக்கு அதிகமில்லை.

மனிதர் பிடிவாதக்காரர் என்றாலும் கண்ணை முழுதாக மூடிக்கொண்டவர் அல்லர். 1904இல் ஜாவா தீவின் பாய்டன்ஸார்க் காப்பகத்துக்குப் போய், தன் வகைகள் ஐரோப்பாவுக்கு வெளியே பொருந்துகின்றனவா என்று பார்த்தார். நோய்கள் அங்கும் இருந்தன, ஆனால் ஐரோப்பியச் சோர்வுநோயாளிகளை வாட்டிய பாவ உணர்வு அங்கே தென்படவில்லை என்று எழுதினார். தன்னிடம் பணியாற்றிய அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்த நோய்க்கு 1910இல் அல்ஸைமர் நோய் என்று பெயரிட்டவரும் அவர்தான். எல்லாவற்றையும்விட, 1920இல், அறுபத்து நான்கு வயதில் எழுதிய ஒரு கட்டுரையில், தான் போட்ட இரண்டு பெரும் பிரிவுகளையும் பல நோயாளிகளிடம் திருப்தியாகப் பிரித்தறிய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். 2009இல் மரபணு ஆய்வாளர்கள் மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் பொதுவான மரபணுப் பின்னணி கணிசமாக இருப்பதைக் காட்டியபோது, அந்தக் கட்டுரையைப் படித்திருந்தவர்கள் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

சித்தப்பாவின் தாள் இன்னும் சித்தியிடம் இருக்கிறது. இடம் தீர்ந்துபோன பிறகு அவரே இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்டி, கோட்டை நீட்டி, மருத்துவரைப் பின்பற்றி மேடும் பள்ளமும் வரைந்து வந்திருக்கிறார். மேடுகள் தணிந்திருக்கின்றன, பள்ளம் இரண்டு இடத்தில் ஆழமாகவே இருக்கிறது. போன முறை போனபோது அதை வாங்கிப் பார்த்தேன். கோடு தட்டையாகக் கிடக்கும் ஓரிடத்தில், மருத்துவர் எழுதச் சொல்லாத ஒன்றைப் பென்சிலில் பொடியாக எழுதியிருந்தார். "ராத்திரி தானாச் சிரிச்சார். என்னன்னு கேட்டேன். சொன்னார்."

என்ன சொன்னார் என்று கேட்டேன். அது எங்களுக்குள்ள என்று சொல்லிவிட்டு, சித்தி தாளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.